மே மாத டெல்லியில் தாங்கும் ரேம் எது?

டெல்லியின் கணினிச் சந்தையான நேரு பிளேஸில் ரேம் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்பது எத்தனை ஜிபி, எத்தனை ஸ்பீடு என்பதுதான், நாமும் அதற்கு மேல் பேசுவதில்லை. 3600 என்று எழுதிய இரண்டு பெட்டிகளை எடுத்துப் போடுவார், விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு மெட்ரோ ஏறிவிடுவோம். எக்ஸ்எம்பியை, அதாவது பெட்டியில் எழுதிய வேகத்தில் ரேமை ஓட்டும் ஆயத்த அமைப்பை, ஆன் செய்துவிட்டு அதோடு மறந்துவிடுகிறவருக்கு இது போதும். ஆனால் பயாஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் வேகத்தை ஏற்றி, டைமிங்கை (தாமதத்தைக் குறிக்கும் எண்களை) இறுக்கி, கொடுத்த காசுக்கு மேலேயே வேலை வாங்கிவிட வேண்டும் என்று உட்காருகிறவருக்கு அந்த 3600 சொல்வது மிகக் கொஞ்சம். மேலே ஒட்டியிருக்கும் தகட்டுக்கு அடியில் எந்த நிறுவனத்தின் சில்லு இருக்கிறது, அதில் எந்த வகை என்பதுதான் முக்கியம். டெல்லிக்காரர்களுக்கு அதோடு இன்னொன்றும் சேர்கிறது: வெயில்.

உலகத்தில் விற்கும் ரேம் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள்தான். ஜிஸ்கில், கோர்செய்ர், கிங்ஸ்டன் போன்ற பெயர்களெல்லாம் அந்தச் சில்லுகளை வாங்கிப் பலகையில் பதித்து, தகடு ஒட்டி, விளக்கு போட்டு விற்பவர்கள். அதனால் ஒரே நிறுவனம், ஒரே மாடல், ஒரே பெட்டி என்றாலும் போன வருஷம் வந்ததில் ஒருவர் சில்லும் இந்த வருஷம் வந்ததில் வேறொருவர் சில்லும் இருக்கலாம். அறிவித்த வேகமும் டைமிங்கும் வந்துவிட்டால் விற்பவரைப் பொறுத்தவரை பொருள் சரியானதுதான். அதைத் தாண்டி எவ்வளவு போகும் என்று அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, அதைக் கண்டுபிடிப்பது நம் வேலை.

முதலில் எண்களைச் சரியாகப் படித்துவிடுவோம். 3200, 3600, 6000 என்பவை ஒரு நொடிக்கு எத்தனை மெகாடிரான்ஸ்ஃபர் (பத்து லட்சம் தரவுப் பரிமாற்றம்) என்ற கணக்கு, உண்மையான கடிகார வேகம் அதில் பாதி. சிஎல் 16, சிஎல் 30 என்பவை ஒரு கட்டளை கொடுத்த பிறகு தரவு வெளியே வர எத்தனை கடிகாரத் துடிப்பு ஆகும் என்பது. துடிப்பை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம், நேரத்தை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். சிஎல் எண்ணை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோசெகண்ட் கிடைக்கும். 3200 சிஎல் 16 என்றால் 10 நானோசெகண்ட், 3600 சிஎல் 18 என்றாலும் அதே 10தான், 6000 சிஎல் 30ம் அதே 10. 3200 சிஎல் 14 என்ற பழைய கிட்டோ (சேர்த்து விற்கும் ரேம் குச்சிகள்) 8.75. டிடிஆர்4க்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 வந்த புதிதில் விற்ற 4800 சிஎல் 40 கிட்டைக் கணக்கிட்டால் 16.67 வருகிறது. புதிதாக வாங்கியது பழையதைவிட மந்தமாக இருக்கிறதே என்று சில விளையாட்டுகளில் அப்போது பலர் புலம்பியதற்கு இதுவும் ஒரு காரணம். டிடிஆர்5க்கு அலைவரிசை அதிகம், ஒரே குச்சிக்குள் இரண்டு தனித்தனி 32 பிட் பாதைகள், இதெல்லாம் உண்மைதான். ஆனாலும் தாமதம் தாமதம்தான்.

பெட்டியில் 16-18-18-36 என்று நான்கு எண்கள் இருக்கும். எல்லோரும் முதல் எண்ணைப் பார்க்கிறார்கள், நான் முதலில் பார்ப்பது இரண்டாவதை. அது டிஆர்சிடி, சில்லுக்குள் ஒரு வரிசையைத் திறந்து அதில் படிக்கத் தயாராவதற்கு ஆகும் நேரம். வோல்டேஜை ஏற்றினால் சிஎல் பெரும்பாலான சில்லுகளில் இறங்கும், டிஆர்சிடி எல்லாவற்றிலும் இறங்காது. அதனால் சில்லின் குணம் அந்த இரண்டாவது எண்ணில்தான் தெரியவரும்.

டிடிஆர்4 காலத்தில் எல்லோரும் தேடி அலைந்த சாம்சங் பி-டையின் (டை என்றால் இங்கே சில்லின் வகை) பெருமையும் இதுதான். 8 ஜிகாபிட் பி-டை, வோல்டேஜ் ஏற ஏற சிஎல், டிஆர்சிடி இரண்டையும் சேர்ந்தே இறக்கிக்கொண்டு வரும். 3200ல் 14-14-14 என்று மூன்றும் ஒன்றாக நிற்கும் கிட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பி-டை என்று சொல்லிவிடலாம், வேறு சில்லை வைத்து அந்த டைமிங்கில் கிட் விற்க யாரும் துணிந்ததில்லை. டிடிஆர்4க்கு விதிப்படி வோல்டேஜ் 1.2, எக்ஸ்எம்பி கிட்டுகளில் 1.35 சகஜம், பி-டையை 1.45, 1.5 வரை வைத்து ஓட்டுகிறவர்கள் நிறைய. 2019லேயே இதன் உற்பத்தியை முடிக்கப்போவதாகச் செய்தி வந்துவிட்டது, இருந்தும் பழைய சாமான் சந்தையில் இன்றைக்கும் இதற்குத் தனி மரியாதை.

மைக்ரானின் ரெவ்-இ, பேச்சில் இ-டை, வேறு ரகம். வேகத்தில் நன்றாக ஏறும், விலை குறைவாக இருந்தது, சிஎல்லும் வோல்டேஜுக்கு இறங்கும். ஆனால் டிஆர்சிடி பிடிவாதமாக 18, 19, 20 என்று ஒரே இடத்தில் நிற்கும், எவ்வளவு வோல்ட் கொடுத்தாலும் அசையாது. ஹைனிக்ஸின் சிஜேஆர், அதன்பின் வந்த டிஜேஆர் இரண்டும் இந்த இரண்டுக்கும் நடுவில். டிஜேஆர் வேகத்தில் சிஜேஆரைவிட நன்றாகப் போகும். முதன்மை டைமிங்கில் இரண்டுமே பி-டையை எட்டுவதில்லை. நடுத்தரமான ரைசன் (ஏஎம்டியின் பிராசஸர்) கணினிக்கு 3600 சிஎல் 16 அளவில் நின்றால் போதும் என்பவருக்கு இ-டையோ டிஜேஆரோ தாராளமாகப் போதும், பி-டைக்காகக் கூடுதல் பணம் கொடுக்கச் சொல்லமாட்டேன். ஏன் என்பது அடுத்த விஷயத்தில் இருக்கிறது, டெல்லிக்காரர்கள் கவனிக்க வேண்டியதும் அதுதான்.

ரேம் சில்லில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய கெபாசிட்டரில் மின்னூட்டமாக இருக்கிறது. அது கசிந்துகொண்டே இருக்கும். டிடிஆர்4ல் எல்லா வரிசைகளையும் 64 மில்லிசெகண்டுக்குள் ஒருமுறையாவது புதுப்பித்தாக வேண்டும், அதை 8192 பங்காகப் பிரித்தால் 7.8 மைக்ரோசெகண்டுக்கு ஒரு புதுப்பிப்பு வருகிறது. இந்த இடைவெளிக்கு டி-ரெஃபி என்று பெயர். டிடிஆர்5ல் இது பாதியாகி 3.9 மைக்ரோசெகண்ட். புதுப்பிக்கும்போது சில்லு வேறு வேலை செய்யாது, அப்படி அது மூடிக்கிடக்கும் நேரம்தான் டிஆர்எஃப்சி. 8 ஜிகாபிட் டிடிஆர்4 சில்லுக்கு விதிப்படி 350 நானோசெகண்ட். 7800ல் 350 என்றால் நூற்றுக்கு நாலரை பங்கு நேரம் ரேம் பதில் சொல்லாமல் இருக்கிறது. பி-டை இதை 160க்கும் கீழே இறக்கும், அப்போது அந்த நஷ்டம் இரண்டு சதவீதத்துக்கு வந்துவிடும். சிஜேஆர், டிஜேஆர் 260 பக்கம் நிற்கும், இ-டை 290க்குக் கீழே வர மிகவும் சிரமப்படும். பலரும் சிஎல்லை ஒரு எண் இறக்க ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார்கள், டிஆர்எஃப்சியை ஆட்டோவிலேயே விட்டிருப்பார்கள். சிஎல்லில் ஒரு எண்ணால் வருவதைவிட இங்கே கிடைக்கும் லாபம் பெரும்பாலும் அதிகம்.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. சூடு ஏறினால் கெபாசிட்டர் வேகமாகக் கசியும். நம் வீட்டு ஜன்னலில் மாட்டியிருக்கும் டெசர்ட் கூலரின் தண்ணீர்த் தொட்டி மாதிரிதான்: மார்ச்சில் ஒருமுறை நிரப்பினால் பொழுது ஓடிவிடும், மே மாதத்தில் மதியமே வற்றிக் கிடக்கும். டிஆர்எஃப்சியைக் குறைத்தால் ஒவ்வொரு முறையும் நிரப்பக் கிடைக்கும் நேரம் குறைகிறது, டி-ரெஃபியை நீட்டினால் நிரப்பும் தடவைகள் குறைகின்றன. குளிர்ந்த அறையில் இரண்டையும் எல்லைவரை தள்ளலாம், ஒன்றும் ஆகாது. சில்லின் வெப்பம் 85 டிகிரியைத் தாண்டினால் புதுப்பிப்பை இரட்டிப்பாக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஆனால் அது தளர்வான தொழிற்சாலை டைமிங்குக்கான கணக்கு. இறுக்கிக் கட்டிய டிஆர்எஃப்சியோடு ஓடும் பி-டை 50 டிகிரியைச் சுற்றியே பிழை விடத் தொடங்கிவிடும். மிக நன்றாக இறங்குகிறது என்று நாம் கொண்டாடுகிற சில்லுதான் சூட்டுக்கு முதலில் அடிபடுவதும். அதன் டிஆர்எஃப்சியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் தாங்கும், ஆனால் தளர்த்தினால் அதற்காகக் கொடுத்த கூடுதல் விலைக்கு அர்த்தம் குறைந்துவிடுகிறது.

டெல்லியின் வானிலையை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஜனவரிக் காலையில் 5 டிகிரி, மே கடைசியில் 45. சஃப்தர்ஜங்கில் 2024 மே 29 அன்று 46.8 டிகிரி பதிவானது. சென்னையில் இருக்கும் ஒருவருக்கு வருஷம் முழுக்க அறை கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கும், அவர் எப்போது சோதித்தாலும் விடை பெரிதாக மாறாது. முனிர்காவிலோ லக்ஷ்மி நகரிலோ மொட்டை மாடி அறையில் ஏசி இல்லாமல் இருக்கிறவருக்கு அறையின் வெப்பமே குளிர்காலத்துக்கும் கோடைக்கும் 25 டிகிரிக்கு மேல் மாறுகிறது, ரேமின் வெப்பமும் அதே அளவு மேலே போகிறது. ஜனவரியில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து ராத்திரி முழுக்க டெஸ்ட் ஓட்டி, ஒரு பிழைகூட இல்லை என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறோம். மே மாதம் விளையாட்டு பாதியில் மூடிக்கொள்கிறது, ஜிப் கோப்பு திறக்க மறுக்கிறது, வீடியோ ரெண்டர் பாதியில் நிற்கிறது. யாரும் ரேமைச் சந்தேகப்படுவதில்லை. கிராஃபிக்ஸ் கார்டு டிரைவரை மாற்றி, விண்டோஸை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டு, பவர் சப்ளையைத் திட்டி, கடைசியில்தான் ரேம் பக்கம் வருகிறார்கள். இது வருஷா வருஷம் நடக்கிறது. இதனால்தான் வேகம், டைமிங், நிலைத்தன்மை என்று எல்லோரும் சொல்லும் வரிசையை டெல்லிக்குத் தலைகீழாக்க வேண்டும் என்கிறேன். முதலில் மே மாதத்தில் தாங்குமா என்று பாருங்கள், அப்புறம் டைமிங், கடைசியில் வேகம்.

டிடிஆர்5க்கு வருவோம், இப்போது புதிதாகக் கணினி கட்டுகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். இங்கே ராஜா ஹைனிக்ஸ். அதன் 16 ஜிகாபிட் எம்-டை 6400, 6800 வரை சௌகரியமாகப் போகும். அதன்பின் வந்த ஏ-டை நல்ல மதர்போர்டில் 7200, 8000 என்று ஏறும், டிஆர்எஃப்சியும் எம்-டையின் 160 நானோசெகண்டிலிருந்து 120, 130 பக்கம் இறங்கும். 24 ஜிபி, 48 ஜிபி குச்சிகளில் வரும் 24 ஜிகாபிட் சில்லும் வேகத்தில் சளைத்ததில்லை. டிடிஆர்5ல் சாம்சங் 6000 பக்கம் போய் மூச்சு வாங்கும், மைக்ரானின் ஆரம்பகால 16 ஜிகாபிட் சில்லு 5600 பக்கமே நின்றுவிடும், வோல்டேஜ் கொடுத்தும் பயனில்லை. டிடிஆர்4ல் பார்த்த வரிசை இங்கே அப்படியே புரண்டுவிட்டது. சாம்சங் என்றால் நல்லது என்ற பழைய நினைப்பில் போய் டிடிஆர்5 வாங்கினால் ஏமாற்றம்தான். பெட்டியில் 6000, 30-38-38 என்றிருந்தால் பெரும்பாலும் ஹைனிக்ஸ். 36-36-36, 30-40-40 என்றிருந்தால் சாம்சங்காக இருக்கும் வாய்ப்பு அதிகம். இங்கேயும் முதல் எண்ணான 30 மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், இரண்டாவது எண்தான் காட்டிக்கொடுக்கிறது.

சூட்டு விஷயத்தில் டிடிஆர்5க்கு ஒரு கஷ்டமும் ஒரு வசதியும் உண்டு. மின்சாரத்தைச் சீராக்கும் சிப் இப்போது குச்சியிலேயே இருப்பதால் அதன் சூடும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் வெப்பமானி குச்சியிலேயே இருக்கிறது, ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்தால் எத்தனை டிகிரி என்று தெரிந்துவிடும். டிடிஆர்4ல் சில விலையுயர்ந்த கிட்டுகளைத் தவிர மற்றவற்றில் அது கிடையாது, தொட்டுப் பார்த்து ஊகிப்பதுதான். இன்னொரு விஷயம், டிடிஆர்5 சில்லுக்குள்ளேயே பிழைதிருத்தம் இருக்கிறது, ஒற்றைப் பிட் பிழையை அதுவே சரிசெய்துகொள்ளும், வெளியே சொல்லாது. இதைப் பார்த்துவிட்டு சர்வர் ரேம் மாதிரிப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவில் பாதையில் நடக்கும் பிழையை இது தொடவே தொடாது.

டி-ரெஃபியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 6000 வேகத்தில் 3.9 மைக்ரோசெகண்ட் என்றால் 11,700 துடிப்பு. இதை 65,535 என்று போட்டால் வேகம் நன்றாகக் கூடுகிறது என்று ஐரோப்பாவிலிருந்து வரும் யூடியூப் வீடியோக்களில் காட்டுவார்கள். அப்படிப் போட்டால் புதுப்பிப்புகளுக்கு நடுவே கிட்டத்தட்ட 21.8 மைக்ரோசெகண்ட், ஐந்தரை மடங்குக்கு மேல். இருபது டிகிரி அறையில் அவர்களுக்கு அது ஓடும். ஏசி இல்லாத டெல்லி அறையில் 32,000 பக்கம் நிறுத்திக்கொள்ளுங்கள். அப்படி நிறுத்தினாலும் லாபத்தின் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது, ஏனென்றால் இடைவெளியை முதல் தடவை இரட்டிப்பாக்கும்போது மிச்சமாகும் நேரம்தான் அதிகம், அதற்குமேல் நீட்ட நீட்ட லாபம் தேய்ந்துகொண்டே போகும்.

சரி, தகட்டைப் பிரிக்காமல் சில்லைக் கண்டுபிடிப்பது எப்படி? கோர்செய்ர் குச்சியில் சிறிய எழுத்தில் ஒரு வெர்ஷன் எண் இருக்கும். முதல் இலக்கம் 3 என்றால் மைக்ரான், 4 என்றால் சாம்சங், 5 என்றால் ஹைனிக்ஸ். 4.31 என்பதுதான் டிடிஆர்4ல் தேடப்படும் 8 ஜிகாபிட் பி-டை. கடையில் பெட்டியின் கண்ணாடித் தாள் வழியே இந்த லேபிள் பல சமயம் தெரியும், "பையா, ஒரு நிமிஷம் காட்டுங்க" என்று திருப்பிப் பார்ப்பதில் தப்பே இல்லை. ஜிஸ்கில்லில் 042 என்று தொடங்கும் நீண்ட குறியீட்டின் கடைசி எழுத்துகளில் இது ஒளிந்திருக்கும், டிடிஆர்4ல் 10பி என்று முடிந்தால் சாம்சங் பி-டை. மைக்ரானின் பழைய பாலிஸ்டிக்ஸ் குச்சியில் எம்8எஃப்இ என்று முடிந்தால் மைக்ரான் இ-டை. வீட்டுக்கு வந்தபின் சிபியு-இசட் என்ற மென்பொருள் சில்லு நிறுவனத்தின் பெயரைச் சொல்லும், தைஃபூன் பர்னர் என்ற மென்பொருள் டை வரைக்கும் சொல்லும், ஆனால் தைஃபூன் சில நேரம் ஊகித்துச் சொல்கிறது என்பதால் லேபிளையே நம்புங்கள்.

பிராசஸரும் ஒத்துழைக்க வேண்டும். ரைசன் 3000, 5000 வரிசையில் ரேமின் கடிகாரமும் பிராசஸருக்குள் பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கும் ஒன்றுக்கு ஒன்று ஓடினால்தான் பலன், அது 3600லிருந்து 3800க்குள் முடிந்துவிடும். 4400 கிட்டை வாங்கிப் போட்டுத் தாமதத்தைக் கூட்டிக்கொள்வதில் எந்தப் பயனும் இல்லை. ரைசன் 7000க்கு 6000தான் மிகப் பொருத்தமான வேகம் என்று ஏஎம்டியே சொன்னது. நான்கு குச்சி செருகினால் அதே வரிசைக்கு நிறுவனம் உறுதி தரும் வேகம் 5200லிருந்து 3600க்கு இறங்கிவிடும், எனவே இரண்டு பெரிய குச்சியே போதும். இதில் அவசரப்பட்டு எஸ்ஓசி வோல்டேஜை (பிராசஸருக்குள் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குப் போவது) ஏற்றாதீர்கள். 2023ல் சில ரைசன் 7000 சிப்புகள் கருகியதற்குப் பிறகு அதை 1.3 வோல்ட்டில் கட்டிப்போட்டார்கள், அந்த எல்லையை நெருங்க வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி போன்ற 96 எம்பி கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் நினைவகம்) உள்ள சிப் வைத்திருப்பவர்கள் இவ்வளவு பாடுபடவே வேண்டாம், ரேமுக்குப் போகும் தேவையே அங்கே குறைவு, டிடிஆர்4 போடும் 5800எக்ஸ்3டியில் எக்ஸ்எம்பியை, டிடிஆர்5 போடும் 7800எக்ஸ்3டியில் அதுபோன்ற எக்ஸ்போவை ஆன் செய்துவிட்டு விளையாடப் போகலாம்.

சோதனைக்கு வருவோம். முதல் கட்டமாகப் பென் டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனையை ஓட்டுங்கள், விண்டோஸுக்குள் போகும் முன்பே பெரிய கோளாறு தெரிந்துவிடும், கோப்புகளும் கெடாது. அப்புறம் விண்டோஸில் டெஸ்ட்மெம்5 அல்லது கார்ஹு, கூடவே ஒய்-க்ரஞ்சர் என்ற சோதனை மென்பொருள்கள். இவையெல்லாம் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும், அதுதான் இதிலுள்ள ஓட்டை. நிஜ வாழ்க்கையில் விளையாடும்போது 250, 300 வாட் சூட்டை அந்தக் கார்டு நேராக ரேமின்மேல் ஊதும். ரேம் சோதனையையும் கிராஃபிக்ஸ் கார்டைச் சூடேற்றும் ஃபர்மார்க் மாதிரி ஒன்றையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள், தனியாகப் பாஸான பல செட்டிங் அங்கே விழுந்துவிடும். குளிர்காலத்தில் கட்டுகிறவர்கள் கேபினெட் விசிறிகளைக் குறைத்து, ரேம் 55, 60 டிகிரிக்குப் போகும்படி விட்டுச் சோதிக்கலாம், மே மாதத்தை ஜனவரியிலேயே வரவழைக்க வேறு வழியில்லை. பிழை வந்தால் முதலில் டிஆர்எஃப்சியைத் தளர்த்துங்கள், அடுத்து டி-ரெஃபியைக் குறையுங்கள், சிஎல்லைக் கடைசியில் தொடலாம். வோல்டேஜைக் கூட்டிச் சரிசெய்யப் பார்ப்பது கோடையில் எதிர்விளைவாகப் போகலாம், வோல்ட் கூடினால் சூடும் கூடுகிறதே. ரேமுக்கு நேராக ஒரு சின்ன விசிறி மாட்டினால் நல்ல அளவு சூடு இறங்கும், அதற்கு ஆகும் காசு எந்தப் பி-டைக்கும் ஆகும் காசைவிடக் குறைவு.

இத்தனையும் செய்வதற்கு முன் முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்க்கில் எடுத்துவையுங்கள். ரேம் பிழை உடனே ப்ளூ ஸ்கிரீனாக வந்தால் அதிர்ஷ்டம். சத்தமில்லாமல் ஒரு பிட்டைப் புரட்டி டிஸ்க்கில் எழுதிவிட்டுப் போனால் குடும்பப் புகைப்படம் கெட்டுப்போனது வருஷம் கழித்துத்தான் தெரியும்.

2025 கடைசியில் ஏஐ தரவு மையங்களுக்காக ரேம் விலை ஏறிப்போனது, கையில் இருப்பதை இறுக்கி ஓட்டுவதற்கு முன்னெப்போதையும்விட அர்த்தம் இருக்கிறது. மைக்ரானும் டிசம்பரில் தன் க்ரூஷல் சில்லறை வியாபாரத்தை மூடுவதாக அறிவித்துவிட்டது. பழைய டிடிஆர்4 கிட் வாங்க நேரு பிளேஸுக்குப் போகிறவர்கள் மே, ஜூனில் போனால் நல்லது. விற்பவரின் கணினியிலேயே எக்ஸ்எம்பியில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், அந்தச் சூட்டில் பிழையில்லாமல் ஓடுவது டிசம்பரிலும் ஓடும். பெரும்பாலான மதர்போர்டுகள் பயாஸில் பல செட்டிங்குகளைச் சேமிக்க விடுகின்றன. ஒன்றுக்குக் கோடை என்று பெயர் வையுங்கள், அதில் டிஆர்எஃப்சி தளர்வாக, டி-ரெஃபி அளவாக இருக்கட்டும். இன்னொன்றுக்குக் குளிர் என்று வைத்து இறுக்கிக்கொள்ளுங்கள். தீபாவளி முடிந்ததும் குளிரை ஏற்றலாம், ஹோலிக்குள் கோடைக்குத் திரும்பிவிட வேண்டும்.